விழத் தெரிந்தவன்

சண்டைப் படத்தில் அடிக்கிறவன் வேலை பாதி, விழுகிறவன் வேலை முக்கால். கணக்கு உதைக்கிறதே என்று கேட்டால், "சினிமாவுல எல்லாமே அப்படித்தான்" என்பார் சண்டை மாஸ்டர். நாயகன் காற்றைக் குத்துவான். எதிரே நிற்பவன் தலையைச் சொடுக்கி, வாயில் வைத்திருந்த சிவப்புத் தண்ணீரைத் துப்பி, ஒரு சுற்றுச் சுற்றி மேஜை உடைய விழுவான். பார்க்கிற சனம் "என்ன அடிடா!" என்று நாயகனை மெச்சும். விழுந்தவனை யார் கேட்டார்கள்?

அப்படி விழுவதில் ரப்பரை மிஞ்ச ஆளில்லை. எப்படி விழுந்தாலும் எகிறி எழுந்துவிடுவதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. அவன் பெண்டாட்டி நாயகிகளுக்கு டூப் போடுகிறவள். முகம் தெரியாமல் உதைப்பது அவள் தொழில். முகம் தெரிய உதைபடுவது அவன் தொழில். மாஸ்டர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆக, குடும்பமே அடிதடியில்தான் சோறு தின்றது.

போன படத்தில் மாடிப்படியில் உருண்டபோது ரப்பருக்குக் கழுத்தில் ஏதோ நழுவிவிட்டது. இடது கை விரல்களில் ஓயாமல் எறும்பு ஊர்ந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டிக் காட்டி, "இன்னொரு குலுக்கல் பட்டா கை கால் விளங்காமப் போயிடும்" என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். புருஷன் பெண்டாட்டி தவிர இது யாருக்கும் தெரியாது. மச்சானிடம் மூச்சு விட முடியாது. அவர் ஆட்களில் ஒருவன் உடைந்த விலா எலும்பை மறைத்துக்கொண்டு குதித்துச் செத்த நாளிலிருந்து, உடம்பில் பழுதுள்ளவன் தங்கை புருஷனே ஆனாலும் சேர்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். ரப்பருக்கோ வேறு தொழில் தெரியாது. மூட்டை தூக்கலாம் என்றால் அதற்கும் கழுத்து வேண்டும்.

அன்று பாழடைந்த ஆலை போல செட் போட்டிருந்தார்கள். விக் வைத்து, நாயகியின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் நின்றாள். சுழன்று ரப்பரின் நெஞ்சில் உதைக்க வேண்டும். அவன் பறந்து போய் அட்டைப்பெட்டிக் குவியலில் விழ வேண்டும்.

"ஆக்‌ஷன்!"

சுழன்றாள். நெஞ்சை நெருங்கும்போது கால் தானாகத் தளர்ந்தது. பஞ்சால் ஒற்றியதுபோலப் பட்டது.

"என்னம்மா, அவன் சட்டையில தூசி தட்டுறியா?" என்று கத்தினார் மாஸ்டர். "வீட்டுல போடுற மாதிரி ஒண்ணு போடு!"

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கால் தளர்ந்தது. அதற்கடுத்த முறையும்.

நசுங்கிய பெட்டிகளை மாற்றி அடுக்குகிற நேரத்தில் ரப்பர் அவளைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனான்.

"என்னடி, என்னைக் கொன்னுடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"மெதுவாத்தானேங்க உதைக்கிறேன்?"

"அதான்டி வினை. நீ முழுசா உதைச்சா அந்த வேகத்துலயே நான் போயிடுவேன். நீ தடவிக் குடுத்தா, நான்தான் கழுத்தைச் சொடுக்கி எகிறிக் காட்டணும். விழாத அடியை நான் எங்கேருந்து கொண்டாருவேன்? கழுத்துலேருந்துதான்."

அவளும் தொழிலில் ஊறினவள்தான். பாசம் முன்னால் வந்து நிற்கவும் தெரிந்த தொழில் மறந்துபோயிருந்தது.

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தாள். குதிகால் நெஞ்சுக் கவசத்தில் தொம்மென்று இறங்கியது. அவன் அலை இழுத்த கட்டை மாதிரி போய் விழுந்தான். "ஓகே!" என்ற சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. நாயகி நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். "மாஸ்டர், க்ளோஸப்ல நானே உதைக்கிறேன். போன படத்துல 'உதைச்சது வேற யாரோ'ன்னு எழுதி மானத்தை வாங்கிட்டாங்க. மாசக்கணக்கா கிளாஸ் போறேன், வீணாப் போகக் கூடாது."

நல்ல பெண்தான். டூப்புக்கும் நாற்காலி போடச் சொல்கிறவள். ஆனால் காலைத் தூக்கினால் அது எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது. ஒத்திகையில் உதை வாங்கத் திண்டு பிடித்து நின்ற ஆளின் காதை உரசிக்கொண்டு போனது உதை.

டூப்காரி நேரே அண்ணனிடம் போனாள். "அண்ணே, அவரு வேணாம். வேற ஆளை நிறுத்து."

"ஏன்?"

"கழுத்து போயிருக்கு அண்ணே. இனிமே விழவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மாஸ்டர் முகம் இறுகியது. "மாப்ளே, இங்க வா. தங்கச்சி சொல்றது நெசமா?"

ரப்பர் ஒரு கணம் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "காலையில வீட்டுல சண்டை மச்சான். உங்கம்மா வீட்டுக்குப் போகணும்னா, நான் வேணாம்னேன். அதுக்கு என் பொழப்புல மண்ணைப் போடப் பாக்குறா." தலையை இடமும் வலமும் திருப்பினான். அண்ணாந்தான், குனிந்தான். தன் பிடரியிலேயே ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. படாத அடிக்கெல்லாம் துடித்துக் காட்டியவன், உயிர் போகிற வலிக்குச் சிரித்துக் காட்டினான்.

"பொய் அண்ணே! நடிக்கிறாரு!"

"நடிக்கத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஹீரோ ஆகியிருப்பானேம்மா," என்றார் டைரக்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் போகிறதென்று டைரக்டர் அவசரப்படுத்தினார்.

"சரி, ஒரே ஒரு டேக்," என்றார் மாஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

ரப்பர் அவளைத் தாண்டிப் போகும்போது பல்லுக்கிடையில் சொன்னான்: "வாயை மூடிக்கிட்டு நில்லு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

நாயகி முழு மனசோடு சுழன்று உதைத்தாள். நெஞ்சுக்குப் போக வேண்டிய கால் தாடையில் போய் இறங்கியது. ரப்பர் பறக்கவில்லை, சுழலவில்லை, கையை ஊன்றவும் இல்லை. நின்ற இடத்திலேயே, அவிழ்ந்த மூட்டை மாதிரி சரிந்தான்.

டைரக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டைப் பிதுக்கினார். "கட். உதை சூப்பர்மா. இவரு விழுந்ததுதான் நம்புற மாதிரி இல்ல. ஒன் மோர்."

அதற்குள் பெண்டாட்டி ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். "தலையை அசைக்காதே! அசைக்காதே!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடி வந்தார். அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, என் கையைப் பிடிங்க. இறுக்கிப் பிடிங்க."

அவன் கண் திறந்துதான் இருந்தது. அவளைப் பார்த்தான்.

"பிடிச்சுக்கிட்டுத்தானேடி இருக்கேன்," என்றான்.

விரல்கள் விரித்தது விரித்தபடி அவள் உள்ளங்கையில் கிடந்தன.