அழாத பெண்ணின் படம்

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஆளின் உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நெட்டை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள், நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே வந்த பஸ்ஸைக் கோட்டைவிட்டாள். அதில் இருந்தது அவள் முகம். பத்தொன்பது வயசு முகம். கீழே பெரிய எழுத்தில் ‘துயரம்’ என்று போட்டு, தேசிய அருங்காட்சியகத்தின் புதிய ஓவியக் கூடத்துக்கு வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். ஓவியக் கல்லூரிக்குத் திரைச்சீலை தைக்கப் போனவளை, அங்கே பாடம் நடத்திய ஓவியர் ஒருவர் ஜன்னலோரம் உட்காரவைத்துப் பதினொரு நாள் வரைந்தார். கழுத்துவரை மூடிய உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் நாலு பேர் வாயில் விழவேண்டாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. பிற்பாடு கட்டிக்கொண்ட புருஷனிடமும் சொல்லவில்லை. ஓவியர் செத்துப்போன செய்தி பேப்பரில் வந்தபோதுகூட மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் போகலாமா என்று பேச்சைப் போட்டாள். கூட இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி துணி வெட்டுகிறவள். காலையில் வாயைத் திறந்தால் வேலை முடிகிறவரை மூடமாட்டாள் என்பதால் ரேடியோ என்று பெயர். இன்னொருத்தி இஸ்திரி போடுகிறவள், நெட்டையின் நாத்தனார். நாத்தனாருக்குக் கால்வலி. செத்த ராஜாக்களின் சாமானைப் பார்க்க மாடிப்படி ஏறவேண்டுமா என்று முனகினாள். ஆனால் அண்ணி வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம் என்பதால் கடைசியில் தலையாட்டினாள்.

ஞாயிறு காலை பைகளை வாசலில் கொடுத்து அடையாள வில்லை வாங்கிக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள். கீழ்த்தளத்தில் வாள், நாணயம், பல்லக்கு. ராஜாவின் கட்டிலைப் பார்த்த ரேடியோ, இதற்கு விரிப்பு போட வேண்டுமானால் ஆஸ்பத்திரி விரிப்பு மூன்றை ஒட்டுப்போட வேண்டும் என்று அளந்து சொன்னாள். ஒரு ராணியின் பட்டு அங்கியின் முன்னால் மூவரும் கால்மணி நேரம் நின்றார்கள். தோள் மூட்டில் பின்னால் யாரோ செப்பனிட்டிருந்தார்கள். நூல் நிறம் பொருந்தவில்லை, தையலும் கோணல். இந்த வேலையை நம் மேற்பார்வையாளர் பார்த்தால் பிரித்து மூஞ்சியில் எறிவார் என்று நாத்தனார் சொல்ல, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற காவலாளிகூடச் சிரித்துவிட்டான்.

ஓவியக் கூடம் மாடியில். நெட்டை முன்னால் நடந்தாள். படம் தூரத்திலேயே தெரிந்தது; ஆள் உயரத்துக்கு இருந்தது. கிட்டே போய் நின்றாள். அவளுடைய தாடை, அவளுடைய புருவம், எல்லாம் அப்படியே. ஆனால் இடது கன்னத்தில் பாதி வழியில் ஒரு சொட்டுக் கண்ணீர் நின்றது. வெயிலில் வெளுத்த சுவரொட்டியில் அது தெரிந்திருக்கவில்லை.

அந்த நேரம் பத்துப் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு வழிகாட்டிப் பெண் ஒருத்தி வந்தாள். சட்டையில் குத்திய சின்ன மைக்கில், விதிக்கு அடங்கிப்போன ஏழைப்பெண் ஒருத்தியின் மௌன அழுகை இது என்றும், எதிர்க்கத் திராணியில்லாத பார்வையை ஓவியர் எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள் என்றும் விளக்கினாள். நெட்டை முழுவதையும் கேட்டாள்.

“அது தப்பும்மா. அந்தப் பொண்ணு அழல,” என்றாள்.

வழிகாட்டி மரியாதையாகத்தான் சிரித்தாள். “கண்ணீர் இருக்கே, பாருங்க.”

“அது அவரா வச்சது. அங்க உக்காந்திருந்தது நான். எனக்குத் தெரியாதா?”

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர், இப்படித்தான் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஆள் கிளம்பிவரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நாத்தனார் வெலவெலத்துப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ரேடியோவுக்கு மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச்சு வரவில்லை. அவள் படத்தையும் நெட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “இடது காதப் பாருங்க,” என்றாள். சின்ன வயதில் தோடு எதிலோ மாட்டி இழுத்துக் கிழிந்த மடல் படத்திலும் கிழிந்திருந்தது, பக்கத்தில் நின்ற மனுஷியிடமும் கிழிந்திருந்தது. சிரித்தவர் சிரிப்பை விழுங்கினார்.

மாடியில் இருந்த காவலாளி போய்ச் சொல்லி, கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட இளவயசுக்காரர், நல்ல மாதிரி. அம்மா, என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம் என்றார். நெட்டை மறுத்தாள். படம் இங்கேதானே தொங்குகிறது, இங்கேயே பேசலாம் என்றாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும், முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காதவள், சொன்னாள்.

பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, அவளைவிட இருபது வயது மூத்தவன். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இவள் போய் நின்று, மாட்டேன் என்றாள். அவர்கள் எழுந்து போனதும் அப்பா விட்ட அறையில் கன்னம் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை, அவளும் இறங்கிப் போகவில்லை. அந்த வாரம்தான் ஓவியர் கூப்பிட்டது. கொஞ்சம் முகத்தைத் தளர்த்திக்கொள்ளம்மா என்று அவர் தினமும் கேட்டார், அவள் தளர்த்தவில்லை. முகத்தை மாற்ற முடியாமல்தான் மனுஷர் பிற்பாடு கண்ணீரை ஒட்டியிருக்கிறார்.

அதிகாரி தர்மசங்கடத்தோடு கழுத்தைத் தடவினார். படத்தின் பெயர் ஓவியரே எழுதி வைத்தது, அதில் யாரும் கைவைக்க முடியாது என்றார்.

“பேரு அவர் வச்சது, இருக்கட்டும். மூஞ்சி என்னோடது,” என்றாள் நெட்டை. “நான் அழலன்னு கீழ எழுதுங்க.”

இப்போதுதான் நாத்தனார் கையை விட்டாள். அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள்.

“சார், இவங்க எங்க அண்ணி. எங்க அண்ணனையே ரெண்டு தடவ மாட்டேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டு, மூணாவது தடவதான் சரின்னாங்க. இந்த மூஞ்சிய நான் இருபத்தெட்டு வருஷமா பாக்கிறேன். இது அழுற மூஞ்சி இல்ல. இந்த மூஞ்சிய வச்சாங்கன்னா வீட்ல ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரியான சிரிப்பு. அதிகாரி, கீழே குறிப்பு எழுதக் குழு ஒன்று கூட வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். நாளாகட்டும், அதுவரை இருக்கிறேன் என்று நெட்டை படத்துக்கு எதிரே இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேடியோ ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். உட்கார்ந்தவர்களை எழுப்ப எந்தச் சட்டமும் இல்லை என்பதால் காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான்.

உட்கார்ந்ததும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, அண்ணனுக்கு இது தெரியுமா என்பது. இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நெட்டை சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு அதே வழிகாட்டி அன்றைய கடைசிக் கூட்டத்தோடு வந்தாள். படத்தின் முன்னால் நின்றாள், மைக்கைச் சரிசெய்தாள், பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் படத்துல இருக்கிறவங்க அதோ உக்காந்திருக்காங்க,” என்றாள். “நான் சொல்றதவிட அவங்களே சொல்லட்டும்.”

மைக்கைக் கழற்றி நீட்டினாள். நெட்டை வாங்கவில்லை, அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. எழுந்து நின்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். காலையில் சொன்னதைவிடக் கோவையாக வந்தது. பெரியப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகவும் வந்தது.

கூடம் மூடுகிற நேரத்தில் அதிகாரியிடம் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள். புருஷன் எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர் மனத்தாங்கல். அதில் நியாயம் இருந்தது, அவளும் ஒத்துக்கொண்டாள். படத்துக்கு உட்கார்ந்ததற்காக மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றாள். அவரும் கேட்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு மூன்றாம் நாள், எந்தக் கூடம், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று விசாரித்தார்.

மூன்று மாதம் கழித்து அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. குழு கூடியதாம், படத்தின் அருகில் புதிய குறிப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறதாம். குறிப்பின் நகலும் உள்ளே இருந்தது. ‘இந்த ஓவியத்துக்கு மாதிரியாக அமர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெண்மணி, தாம் அப்போது அழவில்லை என்று தெரிவிக்கிறார்.’

ரேடியோ அதைத் துணிக்கிடங்கு முழுக்கக் கேட்கும்படி படித்துக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நெட்டை மட்டும் தாளைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை படித்தாள். பிறகு துணி அடையாளம் போடுகிற பென்சிலை எடுத்து, ‘சொல்லிக்கொள்ளும்’ என்ற வார்த்தையின் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

மேற்பார்வையாளரிடம் போய், வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு வேண்டும் என்று கேட்டாள்.