இங்குன் வீட்டு வேலி

எங்கள் குடியிருப்பில் டுக்னாட்டுக்கு வா என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வராதவர்களை வருஷம் முழுக்க மென்று துப்புவோம், அவ்வளவுதான். டுக்னாட் என்பது வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடி, பனியில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளையை அள்ளி, முற்றம் பெருக்கி, கடைசியில் சாசேஜ் சுட்டுத் தின்னும் கூலியில்லா வேலை.

இந்த முறை வராதவள் தரைத்தளத்து இங்குன். அவள் ஜன்னலை மறைத்து ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி வளர்ந்திருந்தது. சங்கத் தலைவன் ஓட்வார் வெட்டும் மெஷினோடு நேரே அங்கேதான் போனான்.

"அதை விடு ஓட்வார். பறவை கூடு கட்டியிருக்கும்," என்றேன்.

"வேலைன்னா மட்டும் உனக்குப் பறவை ஞாபகம் வந்துடுமே பெரித்! அவதான் வரலை, நாமளாவது அவளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். கொன்றுவிடுவதாகச் சொல்லி முன்னாள் கணவன் தேடிக்கொண்டிருப்பதை இங்குன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். தெருவின் கண்ணிலிருந்து அவளை மறைப்பது அந்த வேலி ஒன்றுதான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மெஷின் உறுமியது. முதல் கிளை விழுந்தது.

"நிறுத்துய்யா! அவ பழைய புருஷனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கா!" என்று கத்திவிட்டேன்.

ஓட்வாரின் முகம் வெளுத்தது. அவன் கெட்டவன் இல்லை. "இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தியைக் காப்பாத்த முடியாதா?" என்றான், கண் கலங்கி. வெளியே பேசாதீர்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

மறுநாள் ஓட்வார் பெருமையோடு போனை நீட்டினான். குடியிருப்பின் இணையப் பக்கம். 'தரைத்தளத்து இங்குனை முன்னாள் கணவனிடமிருந்து காப்போம். சாயங்காலக் காவலுக்கு யார் வருகிறீர்கள்?' கூடவே வேலியின் படம். பக்கத்தில் கட்டட எண் பளிச்சென்று தெரிந்தது.

"பார்த்தியா, பாதிக் கட்டடம் கை தூக்கிடுச்சு!"

"அட பாவி, இதை யார் வேணும்னாலும் பார்க்கலாமே! அவனும்தான்!"

நான் ஓடினேன். இங்குன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். சின்ன மகளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், கதவருகே கட்டிய பெட்டி இருந்தது.

"பெட்டியைக் கொடு, நான் தூக்கறேன்," என்றேன்.

"வேண்டாம். எங்கே போறேன்னு இந்தத் தடவை உங்கிட்டயும் சொல்லமாட்டேன்."

வாசலில் முதல் காவலுக்கு மஞ்சள் மேலங்கி மாட்டி, காப்பிக் குடுவையோடு ஓட்வார் வந்து நின்றான்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?" என்றான். "பயப்படாதே, நாங்க எல்லாரும் இருக்கோமே!"