பூக்கும் முன்பே வைத்த பெயர்

மரக்கிளையில் தொற்றி வளரும் கள்ளிகள் என்றொரு கூட்டம் உண்டு. மரத்திலிருந்து ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. பட்டை இடுக்கில் சேரும் மக்கையும் மழைநீரையும் வைத்தே காலம் தள்ளும். மரத்துக்குத் தொந்தரவில்லை, இவற்றை வகைப்படுத்துகிறவர்களுக்குத்தான் தலைவலி. ஒரே செடி நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி, இளசில் இன்னொரு மாதிரி இருந்து தொலைக்கும்.

காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் கூடத்தில் இந்தக் கள்ளிகளை ஆராயும் அவளுக்குக் 'கள்ளிக்காரி' என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான். பூவோ காயோ இல்லாமல் யாராவது 'புது இனம்' என்று கட்டுரை நீட்டினால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்காரர் விஷயத்தில் கோட்டை விட்டாள். மரமேறிச் செடி சேகரிப்பது அவர் வேலை. எட்டு மாதம் முன்பு கிளை முறிந்து விழுந்தார், தொடையெலும்பு நொறுங்கிவிட்டது. இனி மரமே ஏறக்கூடாது என்றார் டாக்டர். விழுந்தபோது அவர் தோள்பையில் அந்தக் கிளையில் பறித்த ஒரு சாண் கள்ளித் தண்டு இருந்தது: நான்கு விளிம்பு, உடம்பெல்லாம் மயிர்முள். அந்தக் கள்ளிப் பேரினத்தில் இப்படி ஒன்றை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பூக்கும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் பெயரையே வைத்துக் கட்டுரை அனுப்பிவிட்டாள். அவரும் மச்சினன் முதல் சம்பந்திவரை, பார்க்க வந்த ஒருவர் விடாமல் அதைச் சொல்லியாயிற்று.

மிச்சத் துண்டைக் கண்ணாடி வீட்டில் நட்டிருந்தார்கள். திங்களன்று தோட்டக்காரர் அந்தத் தொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முள்தண்டின் நுனியிலிருந்து தட்டையான, மொழுமொழுவென்ற தண்டு கிளம்பி, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூ. சாதாரணக் கள்ளி. மூன்றாம் அலமாரியில் அதற்கு நூறு அட்டை இருக்கிறது. அதன் இளம் தண்டைப் பிடித்துத் தனி இனம் என்று எழுதியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை அச்சேறும். தொட்டியை வேறு யாரும் பார்க்கவில்லை என்று தோட்டக்காரர் மெதுவாகச் சொன்னார். அவளுக்குச் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினாள்.

தொட்டியோடு வீட்டுக்குப் போனபோது அவர் கூடத்தில் கைத்தடியோடு நடை பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டைத் தண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அடுத்து கிடைக்கிற புதுச் செடிக்கு உங்க பேரை வைக்கிறேங்க,” என்றாள்.

“பேரு கிடக்குது விடு. கால் ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறவங்ககிட்ட, இதுக்குத்தான்னு சொல்லிட்டிருந்தேன். இனிமே சும்மா விழுந்துட்டேன்னு சொல்லணும்.”

ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், தொட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.