அடியில் நிற்பவன்

அண்ணன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது நீ போட்டதா?" என்று கேட்டான்.

கஞ்சியில் கையை வைத்தபடியே குனிந்து பார்த்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் கம்ப்யூட்டர் திரையை யாரோ போட்டோ பிடித்திருந்தார்கள். ஓரத்தில் நான் ஒட்டி வைத்திருக்கும் மஞ்சள் காகிதம்கூடத் தெரிந்தது. திரையில் ஒரு மரம். மரம் என்றால் இலையும் காயும் உள்ளது இல்லை. பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் வெறும் கோடுகள், பிரிந்து பிரிந்து போய் ஒவ்வொரு நுனியிலும் ஓர் எண். மற்ற கோடுகள் எல்லாம் ஒரு கொத்தாக மேலே போக, ஒன்று மட்டும் அடியிலேயே தனியாகப் பிரிந்து நின்றது. அதன் நுனியில் 1 என்ற எண். அதை யாரோ சிவப்பில் வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தார்கள்: 'அடியில நிக்கிறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.'

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"டயாலிசிஸ் குரூப்ல. டாக்டர் யாருகிட்டயோ காட்டிருக்காரு, அவங்க சும்மா இருப்பாங்களா?" அவன் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "ஒண்ணாம் நம்பர் நான்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த குரூப்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததை அவனிடம் மட்டும் எப்படி மறைப்பது? ஆமாம் என்று தலையசைத்தேன். வெளியே ஆற்றுமுகத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது. மழைக்கால மீன்பிடித் தடை என்பதால் பந்தர் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. இல்லாவிட்டாலும் என் அண்ணன் யோகீஷ் இப்போதெல்லாம் படகு எஞ்சின்களின் பக்கம் போவதில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே எஞ்சின், வாரம் மூன்று முறை அவன் இரத்தத்தைக் கழுவித் தரும் அந்த இயந்திரம்தான்.

அந்த டயாலிசிஸ் மையம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. ஒரு மாடி, ஒரு கூடம், சுவரோரமாக நாற்காலிகள். செவ்வாய், வியாழன், சனி காலையில் வருபவர்கள் ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள். மர வியாபாரி ரஜாக் பாய், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் பெலிசியா பாயி, இன்னும் சிலர். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, இளநீர் கூடவே கூடாது, கருவாடு கனவில் மட்டும். ஒருவர் பனிக்கட்டி கொண்டுவந்தால் எல்லோரும் பங்கு போட்டு வாயில் ஒதுக்கிக்கொண்டு, கல்யாண விருந்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கூட்டத்தில்தான் ஒரே மாதத்தில் ஆறு பேருக்கு, இரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்தது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, மையத்தை நடத்தும் டாக்டர் பிரபு எங்கள் ஆய்வுக்கூடத்தின் உதவியைக் கேட்டார். வைரஸ் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போய்ப் பெருகும்போது அதன் மரபணு எழுத்துகளில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். யாருடைய பிழைகள் யாருடையதோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்து, அவற்றின் வம்ச மரத்தை வரைவதுதான் என் வேலை. என் அண்ணனும் அதில் இருக்கிறான் என்று ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான மேடத்திடம் சொன்னேன். "பேர் எதுவும் இருக்காது அமிதா, வெறும் நம்பர்தான். வேற யாரு இருக்கா இங்க?" என்றார்.

நம்பர்தான். ஆனால் இரத்தம் எடுக்கப் போன அன்று கையை நீட்ட யாருக்கும் தைரியம் இல்லை. கொடுத்தால் பழி நம் தலையில் விழுமோ என்று ஆளுக்கு ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகீஷ்தான் சட்டைக் கையை மடக்கிவிட்டு, "எடும்மா. என்கிட்ட இருக்கறது பாதி தண்ணி, பாதி டீசல்" என்றான். சிரித்துவிட்டார்கள். அவனுக்குப் பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். அப்படித்தான் அவன் ஒன்றாம் எண் ஆனான்.

மரத்துக்கு வேர் எது என்று, அதை வரையும் கம்ப்யூட்டர் ப்ரோகிராமுக்குத் தெரியாது. வெளியூரில், இவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிலருடைய வைரஸைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அது தெரியும். ஹாசன் நகரிலிருந்து அவை வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் ப்ரோகிராம் பட்டியலில் முதலாவதாக இருப்பவரை அடியில் வைத்துச் சும்மா ஒரு படம் போட்டுக் காட்டும். அந்தப் படம் திரையில் இருந்தபோதுதான் டாக்டர் பிரபு உள்ளே வந்தார். "இது இன்னும் முடியல டாக்டர், வேர் போடல" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே போனை உயர்த்திவிட்டார். எங்களுக்கு அது அரைகுறைப் படம். பார்க்கிறவர்களுக்கு அது தீர்ப்பு.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் அழைப்பு வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"யோகீஷ், தப்பா நினைக்காதீங்க. வியாழக்கிழமை வாங்க. சனிக்கிழமையிலேர்ந்து வேற இடம் பாத்துக்குங்க. மத்தவங்க பயப்படுறாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

"வேற எங்க டாக்டர் சேப்பாங்க, சி இருக்கறவனை?"

"பாருங்க, விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்தோம். அன்று மாலையே தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் செய்தேன். சி என்ற எழுத்தைச் சொன்னதும் எல்லோருக்கும் இடம் நிறைந்துவிட்டது. இயந்திரம் இல்லாமல் ஒரு முறை தவறினால் அவன் முகம் வீங்கும். இரண்டு முறை தவறினால் படுத்தால் மூச்சு வராது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. இடது முழங்கையில், டயாலிசிஸுக்காக இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில், வலது விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அங்கே தோலுக்குள் வண்டு முரல்வது போல ஓர் அதிர்வு எப்போதும் ஓடும். அது நின்றுவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பது பயம் வரும்போது அவனுடைய வழக்கம்.

"அமி, நிஜமாவே நான்தான் குடுத்திருந்தா?" என்றான்.

"தெரியாதுண்ணா. நாளைக்குத் தெரியும்."

அரைகுறைப் படம் பொய் என்று நான் அவனுக்குச் சொல்லியிருந்தேனே தவிர, முழுப் படத்திலும் அவனே அடியில் நிற்க முடியாது என்று யார் சொன்னது? மறுநாள் ஹாசன் வைரஸ்களைச் சேர்த்து மரத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் போய் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டேன். கோலிபஜே போண்டா வாங்கினேன், தின்னவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது முதலில் வந்தது நிம்மதி. அவன் அடியில் இல்லை. கொத்தின் நடுவில், மற்றவர்களோடு ஒருவனாக இருந்தான். அப்புறம் கோடுகளின் நீளத்தைப் பார்த்தேன். முதல் படத்தில் நான் நீளங்களைப் போட்டிருக்கவே இல்லை; இப்போது ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவு குட்டையாக இருந்தன. பார்க்கப் பார்க்க நிம்மதி எங்கே போனதென்று தெரியவில்லை.

படம் இவர்களுக்குப் புரியாது, இன்னொரு தரம் படத்தைக் காட்டினால் இன்னொரு வட்டம் போடுவார்கள் என்று பட்டது. வீட்டில் வலை பின்னும் நைலான் நூல் கிடந்தது. வெட்டி, முடிச்சுப் போட்டு, அந்த மரத்தையே நூலில் கட்டினேன். நுனிகளில் மாத்திரை அட்டையைக் கிழித்து எண் எழுதித் தொங்கவிட்டேன். வியாழன் காலை படகுத்துறையிலிருந்து ஓடத்தில் அக்கரைக்குப் போகும்போது அண்ணன் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் சொல்லாமலே அவன் ஓர் அட்டையைப் பிடித்துத் தூக்கினான், பிறகு இன்னொன்றை.

"எதைப் புடிச்சுத் தூக்கினாலும் அதுதான் வேர் மாதிரி மேல வருது" என்றான். "வலை மாதிரிதான். இதுக்கா என்னை வெளிய போகச் சொல்றாங்க?"

கூடத்தில் எல்லோரும் ஏற்கெனவே இயந்திரத்தில் மாட்டப்பட்டிருந்தார்கள். அண்ணன் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவனுடைய நாற்காலியை யாரோ தனியாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அங்கேயே உட்காரவைத்து அவனையும் இயந்திரத்தில் மாட்டினார்கள். நர்ஸ் ஷர்மிளா சிஸ்டர் எப்போதும் போல எல்லோருக்கும் ஒரே பெரிய பாட்டிலிலிருந்து, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தை ஊசியில் உறிஞ்சி, ஒருவருக்குப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பாட்டிலை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன அமிதா, தோரணம் கட்ட வந்தியா?" என்றார் ரஜாக் பாய். குரலில் பழைய கேலி இருந்தது, ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நூலை அவர் கையில் கொடுத்தேன். "உங்க நம்பர் மூணு, பாய். அதைப் புடிச்சுத் தூக்குங்க."

தூக்கினார். மற்ற ஐந்து அட்டைகளும் அவருக்குக் கீழே தொங்கின.

"புடிச்ச இடம்தான் வேர், பாய். இப்போ அடியில நிக்கிறது யாரு?"

அவர் சட்டென்று கையை விட்டுவிட்டார். நூல் மடியில் விழுந்தது. பெலிசியா பாயி கையை நீட்டி அதை வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தன் எண்ணைத் தேடிப் பிடித்துத் தூக்கினார். பிறகு இன்னொருவர். ஒரு கை இயந்திரத்தில் கட்டுண்டிருக்க, மறு கையால் ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய ஒவ்வொருவர் முகத்திலும், செவ்வாய்க்கிழமை மாலை என் அண்ணன் முகத்தில் இருந்த பயம் வந்து போனது.

"படத்தை நீயே போட்டு, இப்போ நீயே கலைக்கிறியே" என்றார் பெலிசியா பாயி. "அப்போ எதுதான் சரி? எங்க புடிச்சா சரி?"

அதற்குள் டாக்டர் பிரபு உள்ளே வந்து, என் பின்னால் நின்றிருந்தார். நான் பையிலிருந்து கடைசி நூலை எடுத்தேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம். அதன் நுனியில் ஹாசன் என்று எழுதியிருந்தேன். அதைக் கட்டவேண்டிய இடத்தில் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"இது வெளியாளு. இங்க யாருக்கும் சம்பந்தம் இல்லாதவங்க. இதைப் புடிச்சாத்தான் சரியாத் தொங்கும்."

டாக்டர் அதை வாங்கித் தூக்கினார். நீளமான ஒற்றை நூல், அதன் கீழே ஒரு முடிச்சு, அந்த முடிச்சிலிருந்து ஆறு அட்டைகளும் விரற்கடை நீளத்தில் நெருக்கி நெருக்கித் தொங்கின. அதிலும் பெலிசியா பாயியின் அட்டை ஒரு நெல்லளவு மேலே இருந்தது. டாக்டரின் கண் அங்கே போவதைப் பார்த்தேன். பாயியும் பார்த்துவிட்டார். கையிலிருந்த ஜெபமாலையை மடியில் இறக்கி வைத்தார்.

"அப்போ இவங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்!" நான் கத்திவிட்டேன். "மேல இருந்தா குடுத்தவங்க, கீழ இருந்தா வாங்கினவங்கன்னு கிடையாது. எல்லாருமே நுனிதான். யாரும் யாருக்கும் அடியில இல்ல. எல்லாரும் அந்த ஒரு முடிச்சிலேர்ந்துதான் வர்றாங்க. நீளத்தைப் பாருங்க, ஒருத்தருக்கொருத்தர் வித்தியாசமே இல்லாத மாதிரி."

"அந்த முடிச்சு யாரு?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையும் அதற்கடுத்த செவ்வாயும், அவன் உயிரோடு இருக்கப்போகும் எல்லா வாரங்களும் இந்த மனிதரின் கூடத்தில்தான், இந்தச் சிஸ்டரின் கையில்தான். தவறாகப் படித்த மரம் அவனை வெளியே அனுப்பியது. சரியாகப் படித்தால் மட்டும் உள்ளே வைத்துக்கொள்வார்களா? வேண்டாம் என்பது போல அவன் தலையை மிக லேசாக அசைத்தான். அசைத்தானா, களைப்பில் சாய்ந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சொல்லு அமிதா" என்றார் பெலிசியா பாயி. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கேட்டிருப்பார் போல. "கணக்குப் போட்டுட்டே. விடையைச் சொல்லு."

"அது யாரோட இரத்தமோ, அவங்க இந்த ஆறு பேர்ல இல்ல" என்றேன். "அதோட, அந்த முடிச்சு ஒரு ஆளு இல்ல டாக்டர். ஒரு நாள். எல்லாருக்கும் ஒரே நாள்ல, ஒரே இடத்துலேர்ந்து போயிருக்கு."

ஷர்மிளா சிஸ்டரின் கை ஊசியோடு பாட்டிலின் மேல் அப்படியே நின்றது. யாரும் அவளைக் காட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. ஆனால் நாற்காலிகளில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பாட்டிலின் பக்கம் திரும்பின. டாக்டரின் முகம் வெளிறிவிட்டது. இரண்டு நாளாக நாங்கள் மட்டும் சுமந்த பயத்தை அப்போதுதான் அவரிடமும் பார்த்தேன். பயந்த மனிதர் எந்தப் பக்கம் பாய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

"ரிப்போர்ட்டை யாருக்காவது அனுப்பிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கையில் இருந்த நூலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிட்டே இருந்த யோகீஷின் இடது கையின் மேல் அதைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

இயந்திரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் கையை அசைக்காமல் வைத்திருந்தான். முடிச்சு சரியாக அந்த இணைப்பின் மேல் கிடந்தது. அவன் தோலுக்குள் ஓடிய அதிர்வில் அது நடுங்க, அதிலிருந்து தொங்கிய ஆறு அட்டைகளும் சேர்ந்து நடுங்கின.