வளையாத முழங்காலின் மதிப்பீட்டறிக்கை

"ஆராயாமல் எதையும் ஏற்க மாட்டோம்! ஆராயாமல் எதையும் எதிர்க்கவும் மாட்டோம்!"

மேசையைக் குத்திச் சொன்னார் பகுத்தறிவுப் பேச்சாளர் சபாபதி. முப்பது ஆண்டுகளாக அவருக்குக் கைத்தட்டல் வாங்கித் தந்த வாக்கியம் அது. கைத்தட்டலுக்காகச் சொன்னதை ஒருவர் நம்பி, செய்து காட்டு என்று கேட்கும் நாள் வருமென்று அவர் நினைத்ததே இல்லை.

வந்தது. மலேசியாவின் கிள்ளான் நகரில், சீர்திருத்த வாசகர் மன்றத்தின் செயற்குழுக் கூட்டத்தில் வந்தது. மன்றம் நடத்தும் மாணவர் பேச்சுப் போட்டியின் மூன்று பரிசுகளுக்கும், புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிகளைத் தர முன்வந்திருந்தார் மின்பொருள் கடை நாச்சியப்பன். இளந்தலைமுறையைச் சீரழிக்கும் சின்னப் பெட்டி என்று சபாபதி முழங்கிக்கொண்டே போனதில் அந்தப் பழைய வாக்கியமும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

தலைவர் கமலநாதன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "அப்ப நீங்களே ஆராய்ஞ்சு சொல்லிடுங்கண்ணே. ரெண்டு வாரம் போதும்லா?"

"கடையில டிஸ்ப்ளேக்கு வச்சிருந்தது ஒண்ணு இருக்கு, தைரியமா ஆடிப் பாருங்க," என்று கருவியை நீட்டினார் நாச்சியப்பன். "குறை இருந்தா குறைன்னே எழுதுங்க. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுறேன். ஆனா வேற பரிசு தர என்னால இப்ப முடியாது."

பரிசில்லாத போட்டிக்கு எந்த மாணவர் வருவார்? பேச்சுப் போட்டியின் உயிர் தம் இரண்டு கட்டைவிரல்களில் தொங்குவதை உணர்ந்தபடி சபாபதி பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாளே மதிப்பீடு தொடங்கியது. சமையலறைத் தராசில் கருவியை வைத்தார். "எடை: இரண்டு பெரிய கத்தரிக்காய்" என்று எழுதினார். "திரை: அறைக்குள் பளிச்சிடுகிறது, வெயிலில் முகம் சுளிக்கிறது. மின்கலம்: நான்கு மணி நேரம், அதாவது நமது செயலாளரின் வரவேற்புரையைவிடச் சற்றுக் குறைவு. பொத்தான்கள் பதினாறு, மனிதனுக்கோ கட்டைவிரல் இரண்டு. இந்த ஏற்றத்தாழ்வைக் கேட்பார் யார்?" எழுதியதைத் தமக்குத் தாமே உரக்கப் படித்துப் பார்த்தார். துண்டறிக்கைக்கு ஏற்ற நடை என்று மகிழ்ந்தும் கொண்டார்.

கருவிக்குள் ஒரே ஓர் ஆட்டம் இருந்தது. வாளேந்திய பெண்ணொருத்தி மலைநாட்டில் ஏழு பாலங்களைக் கடக்க வேண்டும். ஆயுதம் ஏந்தியவள் பெண் என்பதற்காக உடனே ஒரு மதிப்பெண் கூட்டினார். கூட்டிய வேகத்தில் குழியில் விழுந்து செத்தார். எழுந்தார், செத்தார். ஒரு காலைப்பொழுதில் பதினெட்டு முறை செத்த பிறகு முதற்பாலத்தைக் கடந்தார்.

பாலத்தின் மறுகரையில் ஒரு கற்சிலை நின்றது. அருகில் சென்றதும் திரையில் ஒரு சொல் தோன்றியது: மண்டியிடு.

சபாபதி சிரித்தார். யாரிடம்? தம் திருமணத்திலேயே மாமனார் காலில் விழ மறுத்து, அந்த மனிதர் நான்கு ஆண்டுகள் பேசாதிருந்ததைப் பதக்கம்போல் அணிந்து திரிபவரிடமா? எந்தக் கல்லின் முன்னும் வளையாத முழங்கால் இது என்று அம்பாங்கிலும் செந்தூலிலும் எத்தனை மேடைகளில் தட்டிக் காட்டியிருக்கிறார்! தலைநிமிர்ந்து சிலையைக் கடந்தார். இரண்டாம் பாலத்தில் விழுந்தார். ஆட்டம் மறுபடியும் முதற்பாலத்தின் தொடக்கத்திலிருந்து தொடங்கியது.

பத்து நாள் இப்படியே. அணைத்துவிட்டுத் திறந்தாலும் முதற்பாலம், செத்துப் பிழைத்தாலும் முதற்பாலம். போட்டி மண்டபத்தைப் பார்த்து வரக் கொமுட்டர் ரயிலில் புறப்பட்டவர், ஆட்டத்திலேயே கண்ணாயிருந்து கிள்ளானில் இறங்க மறந்து, கோலக்கிள்ளான் கடைசி நிலையத்தில்தான் தலைநிமிர்ந்தார். அப்போதும் முதற்பாலந்தான். அறிக்கையில் சிவப்பு மையால் எழுதினார்: "நினைவாற்றல் அறவே இல்லை. பெருங்குறை. பரிசாக வழங்கத் தகாது."

சனிக்கிழமை காலைப் பசியாறலின்போது அறிக்கையைப் படித்த மகள் ஷாமினிக்குப் புரையேறியது.

"அப்பா, மெஷின் ரோசாக்லாம் இல்லலா, கெட்டுப்போகல! அந்தச் சிலைகிட்ட மண்டி போட்டாதான் சேவ் ஆகும்."

"போட மாட்டேன்."

"நீங்க இல்லப்பா. அந்தப் பொண்ணு."

"அவளை மண்டியிட வைக்கும் விரல் யாருடையது?"

"ஐயோ, ஆண்டவா!"

"அவரையும் இதில் இழுக்காதே."

"நல்லா எழுதுங்க! உங்க முட்டியோட குறையை மெஷின் மேல போட்டு, பாவம் அந்தப் பிள்ளைங்க பரிசையும் கெடுங்க." கூடையை எடுத்துக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டாள்.

வீட்டில் யாரும் இல்லை. சன்னல் திரையை இழுத்துவிட்டார் சபாபதி. இது ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டார். விரல் செய்வதற்கு முழங்கால் பொறுப்பாகாது என்று வாதாடினார். எதிர்வாதம் செய்ய ஆளில்லாததால் வென்றார். பொத்தானை அழுத்தினார். அவள் மண்டியிட்டாள். மணி ஒலித்தது. ஆட்டம் நினைவில் பதிந்தது.

நண்பகலுக்குள் நான்காம் பாலம். ஐந்தாவது கடினமாயிருந்ததால், எதற்கும் இருக்கட்டுமென்று ஒரே சிலையின் முன் இரண்டு முறை மண்டியிட்டார். முதல்முறையே பதிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அச்சமே வணக்கத்தின் தாய் என்று அவர் ஆற்றிய சொற்பொழிவு நாற்பது நிமிடம் கொண்டது. அதிலிருந்து ஒரு நிமிடங்கூட அப்போது உதவிக்கு வரவில்லை.

மறுநாள் கிள்ளானில் கூட்டம். சிவப்பு மை வரி அறிக்கையில் அடிபடாமல் இருந்தது. அடித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அறிக்கை வாசிப்பவர் ஒவ்வொரு முடிவையும் சொன்னதும், "கண்டதா, கேட்டதா?" என்று தலைவர் வினவுவது மன்றத்தின் மரபு. வதந்தியை வேரறுக்க அந்த மரபைக் கொண்டுவந்த பெருமகன் யார் என்று கேட்டால், வேறு யார்?

எடை, கண்டது. திரை, கண்டது. மின்கலம், கண்டது, செயலாளர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நினைவாற்றல்..." என்று தொடங்கினார் சபாபதி. முன்வரிசையில் நாச்சியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளில் இருந்தபடி இல்லை என்று வாசித்தால் பரிசு போகும், பொய் நிற்கும். நாவில் வேறொரு தந்திரமும் ஊறியது. "நினைவாற்றல் உண்டு."

"கண்டதா, கேட்டதா?"

மகள் சொல்லக் கேட்டது. அவ்வளவுதான், அதுவும் பொய்யில்லை. பரிசும் பிழைக்கும், முழங்காலும் பிழைக்கும். 'கே' என்னும் எழுத்துவரை வந்துவிட்டது வாய்.

"கண்டது," என்றார். "தோழர்களே! கல்லுக்கு முன் மண்டியிட்டால் மட்டுமே அது நினைவில் வைக்கிறது. நான் மண்டியிட்டேன். ஒருமுறை அல்ல, முப்பத்து நான்கு முறை."

எழும் கூச்சலுக்கு விடையளிக்க மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார்.

"சரிண்ணே," என்றார் கமலநாதன். "சேவ் ஆகுதுல்ல?"

"ஆகிறது."

"அப்ப ஓகே. பரிசு கொடுக்கலாம். ஆட்சேபம் யாருக்கும் இல்லயே? அடுத்து, சாப்பாட்டு ஏற்பாடு."

சபாபதி உட்காரவில்லை. "மண்டியிட்டேன் என்று சொன்னேன்."

"கேட்டுச்சுண்ணே. அதுக்கென்ன?"

"என் முழங்கால் வளையாது என்று முப்பது ஆண்டுகளாக முழங்கியவன் நான்!"

"அதுவா?" கமலநாதன் தயங்கினார். "நீங்க மேடையில முட்டியத் தட்டும்போதெல்லாம் வலியாக்கும்னு நெனச்சேண்ணே. அதனாலதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்க பின்னால ஒரு நாற்காலி போடச் சொல்றது."

அவை சிரித்தது. சபாபதி திரும்பிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக எல்லா மேடைகளிலும் தம் பின்னால் அந்த நாற்காலி இருந்திருக்கிறது. அது பேச்சாளருக்குத் தரும் மரியாதை என்றல்லவா எண்ணியிருந்தார்! பிறகு, முழங்கால் உண்மையிலேயே வலித்ததால், அதில் உட்கார்ந்தார்.