கொள்ளிக்கு வேண்டாதவள்

"அண்ணே, அந்த ஜமுக்காளத்த விரிக்காதிய. அது கல்யாண செட்டு" என்று பேச்சி உள்ளேயிருந்து ஓடிவந்து சொன்னாள். பந்தலடியில் ஒரு முனையைப் பிடித்திருந்த வேல்சாமி அப்படியே நின்றுவிட்டார். பல வருஷமாகக் கடையில் வேலை பார்க்கிறவர். முதலாளி செத்த துக்கத்தில் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ஆவுடையப்பனின் வாடகைக் கடையில் சாமான்கள் இரண்டு செட்டு. கல்யாண வீட்டுக்குப் போவது துக்க வீட்டுக்குப் போகாது. துக்க வீட்டுக்குப் போனது கல்யாண வாசலை மிதிக்காது. அந்த நம்பிக்கைக்காகவே சங்கரன்கோவிலில் அவர் கடையைத் தேடி வந்தார்கள். இன்றைக்கு அவரே நடுவீட்டில் நாடிக்கட்டோடு படுத்திருந்தார், துக்க செட்டுப் பெஞ்சில்.

"அப்பன் செத்த அன்னைக்கும் யாவாரம் பாக்கா பாரு" என்று ஒருத்தி சொன்னது பேச்சியின் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்ததிலிருந்து கடையை நடத்தியவள் அவள்தான். வேறு யார் பார்ப்பார்கள்?

இன்று சாயங்காலம் அவள் மெட்ராஸ் மெயிலில் ஏறவேண்டியவள். பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க மனுப்போட்டு, மதுரையில் போய்ப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். நாளைக்கு மெட்ராஸில் இன்டர்வியூ. அங்கே வருகிறவர்கள் எல்லாம் இன்ஜினியர்கள், பேங்க் ஆபீசர்கள் என்று கேள்வி. அஞ்சல் வழியில் வரலாறு படித்த பேச்சி, முன் அனுபவம் என்ற இடத்தில் அண்டாவும் பெஞ்சும் வாடகைக்கு விட்டதைத்தான் எழுதியிருந்தாள். அதற்குக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

ஆவுடையப்பன் மட்டும் அதிசயப்படவில்லை. "போறதுன்னா போ. வாடகைக்குப் போன சாமான் கணக்கா, சொன்ன நாளுக்கு வீடு வந்து சேந்துரணும்" என்றார். நேற்று அவளுடைய சூட்கேஸ் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். காலையில் காப்பியோடு எழுப்பப் போனபோது உடம்பு ஆறிப்போயிருந்தது.

அதோடு மெயில் நினைப்பும் அவளை விட்டுப் போய்விட்டது. இப்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கோடித்துணி வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்த பெரியப்பா பொன்னுச்சாமியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"பெரியப்பா, கொள்ளி நான் வைக்கேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?"

"அப்பாவுக்கு வேற பிள்ளை இல்லைல்லா. நான்தான இருக்கேன்."

"கோட்டிக்காரி மாதிரி பேசாத. பொம்பளப்பிள்ள சுடுகாட்டுக்கு வாரதா? காளிராஜ் வைப்பான். நீ உள்ள போ."

காளிராஜ் பெரியப்பாவின் மகன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவன். "நானாக் கேக்கல, பேச்சி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அது நிஜம்தான். ஆனாலும் அவன் மொட்டை போட உட்கார்ந்தபோது பேச்சி அங்கே நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் தூக்கினார்கள். தெருமுக்கோடு பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொட்டுச் சத்தம் தேய்ந்து போன பிறகுதான் பேச்சி சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு எல்லோரோடும் சேர்ந்து கிணற்றடியில் தலை முழுகினாள்.

அம்மா தங்கத்தாய் ஈரச் சேலையோடு அவளை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"ஏட்டி, கெளம்பு. மெயிலுக்கு நேரமாகுது."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பேச்சிக்குப் பயம் வந்தது. "அப்பா இன்னும் சுடுகாடு போய்ச் சேரல. என்னம்மா பேசுத?"

"கொள்ளி வைக்கவனுக்குத்தான் பதினாறு வரைக்கும் கட்டு. அவன்தான் ஊரவிட்டுப் போகக் கூடாது. நாளைக்குச் சாம்பல் அள்ளுத காடாத்துக்கும் ஆம்பளைகதான் போவாவ. ஒன்னைய எதுக்கும் வேண்டாம்னுட்டாவல்லா. வேண்டாதவளுக்கு என்ன கட்டு?"

"அதுக்காக? ஊரு என்ன சொல்லும்?"

"பதினாறு கழிஞ்சா காளிராஜ் கடைச் சாவியக் கேப்பான். ஒனக்கு ஒரு மாப்பிள்ளையக் கொண்டாருவாவ. அதுக்கும் ஒன்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டாவ. என்னையக் கேட்டாவளா?"

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கழுத்தில் தாலி இன்னும் கிடந்தது.

"நீ தனியா இருப்பியேம்மா."

"இத்தன சனம் இருக்கு. ரெண்டு நாள்ல வந்துருவ. போ ஏட்டி" என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

புறவாசலில் பக்கத்து வீட்டு ஜெய்னப் சூட்கேஸோடு நின்றிருந்தாள். அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். "இட்லி வச்சிருக்கேன். காலைலருந்து நீ ஒண்ணும் திங்கல" என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்தாள்.

ரயில் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், பேச்சியின் ஈரத்தலையையும் சிவந்த கண்ணையும் பார்த்துவிட்டு, "ஏத்தா, அந்த ஷட்டர இறக்கி விடு. சுடுகாடு வருது. பொம்பளைக பாக்கப்படாது" என்றாள்.

ரயில் அந்த வழியாகத்தான் போகும் என்பது பேச்சிக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. ஷட்டரில் கை வைத்தாள். இறக்கவில்லை.

ஓடைக்கரையில் மண் பூசி மூடிய சிதை தெரிந்தது. காளிராஜ் முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்தான். பெரியப்பா அவன் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தார். வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. வந்திருந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பின்னாலேயே ரோட்டுக்குப் போனார்கள். புகை கிளம்பியபோது அந்தப் பக்கம் முகம் காட்டி நிற்க அப்பாவின் ஆட்கள் ஒருவரும் இல்லை.

"இறக்கும்மா" என்றாள் அந்த அம்மாள் மறுபடியும்.

"கொஞ்சம் இருங்க."

பேச்சி ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்த்தாள். ரயில் முன்னால் போகப் போகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவில் கருவேலங்காடு வந்து மறைத்தது. அதற்குப் பிறகு ஷட்டரை இறக்கினாள்.