பன்னிரண்டு குதிரைக்கு ஒரே அண்டா

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் குதிரைகளுக்கும், தெரிவிக்கப்பட்டது என்னவென்றால்: 1984 மார்ச் முதல் தேதியிலிருந்து இந்தியக் குதிரை களைக்காது. திருமுல்கேரி அரசுக் குதிரை லாயத்துச் சுவரில் நான்கு முத்திரையோடு ஒட்டியிருந்த அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர் துணை இயக்குநர் டாக்டர் சக்ரபாணி.

பயிற்சியில் ஓட ஓடக் குதிரையின் தசை உள்ளுக்குள் சிதைகிறதாம். வைட்டமின் ஈ-யும் செலினியமும் கொடுத்தால் அது தடுக்கப்படுமாம். ஆறு குதிரைக்கு மாத்திரை, ஆறுக்கு வெறும் கொள்ளு. மூன்று வாரம் ஓட்டி, ரத்தம் பார்த்து, தேறாததை ஏலத்துக்கு அனுப்புவார்கள். ஏலம் என்றால் செங்கல் வண்டி. குதிரைக்காரர் அய்யாக்கண்ணு எட்டு வருஷமாகத் தேய்த்துவிடும் பிஜ்லி, வெறும் கொள்ளுப் பட்டியலில் இருந்தாள். அவர் டாக்டரின் ஆபீஸுக்கே போய்க் கேட்டார்.

"அய்யா, பிஜ்லிக்கும் ரெண்டு மாத்திரை போட்டா என்னங்க?"

"இது என்ன கோயில் சுண்டலா, கை நீட்டறவாளுக்கெல்லாம் குடுக்க? அதுக்குப் பேரு கன்ட்ரோல். உனக்குப் புரியாது."

"மருந்தில்லாம ஓடவிட்டுட்டு, ஓடலைன்னா வேணாம், நக்கோன்னு வித்துடுவீங்க. அது புரியுதுங்க."

"வாய் நீள்றது. போய்க் கொள்ளை வேகவை."

போய் வேகவைத்தார். அந்த லாயத்தில் என்றைக்கும் பன்னிரண்டு குதிரைக்கும் ஒரே அண்டாதான். லாயத்து நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் ஆபீஸிலேயே ஆராய்ச்சி செய்த டாக்டருக்கு அது தெரியாது. 'தீனியில் கலக்கவும்' என்று சீட்டு மட்டும் அனுப்பினார். அய்யாக்கண்ணு அத்தனை மாத்திரையையும் ஆறிய கொள்ளில் பொடித்துப் போட்டுக் கிளறி, பன்னிரண்டு பங்காகப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ரத்த அறிக்கை வந்தது. பன்னிரண்டும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன. டாக்டர் முதன்முறையாக லாயத்துக்குள் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு.

"மாத்திரையை எதுல கலந்தே?"

"நீங்க எழுதின மாதிரி தீனியிலதாங்க." அய்யாக்கண்ணு அண்டாவைக் காட்டினார். "இங்க இது ஒண்ணுதான். மேலிடத்துக்கு எழுதுங்களேன், அண்டா இருக்கிறதே டாக்டருக்குத் தெரியாதுன்னு."

டாக்டர் அப்படி எழுதவில்லை. மருந்தின் பலன் ஒரு குதிரையிடமிருந்து அடுத்ததற்கு மூச்சுக்காற்றில் பரவுவதாக எழுதினார். டில்லி மாநாட்டில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பன்னிரண்டும் தேறியதாக அறிக்கை சொன்னது. அய்யாக்கண்ணு பிஜ்லிக்கு அரைக் கிலோ வெல்லம் வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஏலப் பட்டியல் வந்தது. ரத்தத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பதினாறு வயதான குதிரையை விற்றுவிட வேண்டும் என்பது விதி, பிஜ்லிக்குப் பதினாறு.